பிளாஸ்கில் வந்த எமன்

காப்பி கொண்டுபோகும் பிளாஸ்க் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ரயில் பிரயாணத்துக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினருக்குப் பால் கொண்டுபோவதற்கும் அதைத்தான் தேடுகிறோம். 1976-ம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் அப்படிப்பட்ட ஒரு நீல நிற பிளாஸ்க் ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஆகாய விமானத்தில் போயிற்று. பிரயாணிகள் ஏறும் சாதாரண விமானம்தான். பிளாஸ்கும் சாதாரணக் கைச்சாமானாகவே போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அதில் ஏதோ பானம் இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதற்குள் இருந்தது ஒரு கன்னிகாஸ்திரீயின் ரத்தம். ஆப்பிரிக்காவில் அப்போது ஜைர் என்று பெயர் பெற்றிருந்த காங்கோ நாட்டில், யாம்புக்கு என்ற சிற்றூரில் பெல்ஜியம் தேசத்துக் கன்னிகாஸ்திரீகள் ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார்கள். அந்த ஊரில் பெயர் தெரியாத காய்ச்சல் ஒன்று புகுந்தது. ஜுரம், வாந்தி, ரத்தப்போக்கு, பிறகு மரணம். நோயாளிகளைக் கவனித்த கன்னிகாஸ்திரீகளும் ஒருவர்பின் ஒருவராகப் படுத்தார்கள். மஞ்சள் காய்ச்சலாக இருக்கலாம் என்று ஊகித்து, ரத்தத்தை இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகளில் எடுத்து, பனிக்கட்டி போட்டு, பிளாஸ்கை மூடி, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலுள்ள வெப்ப மண்டல மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தார்கள்.

பிளாஸ்கை அங்கே திறந்தவர்களில் ஒருவர் பீட்டர் பியாட். வயது 27. உள்ளே பார்த்தால் பனிக்கட்டி பாதி உருகிக் கிடந்தது. இரண்டு குப்பிகளில் ஒன்று உடைந்து, அதிலிருந்த ரத்தமும் உருகிய தண்ணீரும் ஒன்றாகக் கலந்திருந்தன. நமது வாலிப டாக்டரும் அவருடைய சகாக்களும் கையில் மெல்லிய ரப்பர் உறை மட்டும் போட்டுக்கொண்டு, முகத்தை மறைக்க ஒன்றும் இல்லாமல், அந்தச் சிவப்புத் தண்ணீரிலிருந்து உடையாத குப்பியை எடுத்தார்கள்! பிற்பாடு ஒரு குப்பி கை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. ரத்தம் தெறித்த இடத்தில் நின்றவர் நல்ல தடித்த தோல் பூட்ஸ் அணிந்திருந்தார். அவர் பிழைத்தது அந்த பூட்ஸின் புண்ணியம்.

அந்தக் கிருமிக்கு அப்போது பெயரே கிடையாது. யாம்புக்கு என்று பெயர் வைத்தால் அந்த ஊருக்கு என்றென்றைக்கும் அவப்பெயர் ஒட்டிக்கொள்ளுமே என்று யோசித்து, அந்தப் பிரதேசத்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயரை வைத்தார்கள். எபோலா என்பது அந்த ஆறு. அந்த முதல் தடவை 318 பேரை நோய் பிடித்தது. 280 பேர் மாண்டார்கள். யாம்புக்கு ஆஸ்பத்திரியில் தினமும் ஐந்தே ஐந்து ஊசிகளை வைத்துக்கொண்டு வருவோர் எல்லாருக்கும் போட்டதுதான் நோய் பரவியதற்கு ஒரு முக்கிய காரணம் என்று பிறகு தெரிந்தது.

இவ்வளவு ஆபத்தானதை ஏன் அனுப்பினார்கள், அங்கேயே பரிசோதித்திருக்கக் கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கே எதை வைத்துப் பரிசோதிப்பது? புது நோய் எப்போதும் ஆராய்ச்சிக்கூடம் இல்லாத ஊரில்தான் முளைக்கிறது. காட்டிலிருந்து, சேரியிலிருந்து, பன்றிப் பண்ணையிலிருந்து அது நகரத்து மேஜைக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் நோய் இன்னதென்று தெரியாது. தெரியாவிட்டால் தடுக்கவும் முடியாது. வரும் வழியில் சிந்திவிட்டாலோ, நோய் நகரத்துக்கே வந்துவிடும். இந்தத் தர்மசங்கடத்துக்குப் பரிகாரம் கண்டுபிடிக்க உலகம் அநேக வருஷங்கள் எடுத்துக்கொண்டது.

கட்டை விரலில் ஒரு குத்து

ஆண்ட்வெர்ப்பிலிருந்து ரத்தம் இங்கிலாந்திலுள்ள போர்ட்டன் டவுன் என்ற இடத்துக்கும், அமெரிக்காவில் அட்லாண்டாவுக்கும் போயிற்று. இரண்டும் அபாயக் கிருமிகளைக் கையாளுவதில் கைதேர்ந்த இடங்கள். அப்படியிருந்தும் போர்ட்டன் டவுனில் 1976 நவம்பர் 5-ந் தேதி ஒரு விபரீதம் நடந்தது. பரிசோதனைப் பிராணிக்கு ஊசி போடும்போது ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டை விரலில் ஊசி இலேசாகக் குத்திவிட்டது. உடனே கையுறையைக் கழற்றி விரலைக் கிருமிநாசினியில் தோய்த்துப் பிழிந்து பார்த்தார். ஒரு பொட்டு ரத்தம்கூட வரவில்லை. காயம் கண்ணுக்கே தெரியவில்லை. ஆறாவது நாள் ஜுரம் வந்தது. எபோலாதான்! எத்தனையோ சிகிச்சைகள் செய்தார்கள்; ஆப்பிரிக்காவில் நோய் வந்து பிழைத்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஊநீரையும் கொடுத்தார்கள். மனிதர் தப்பிப் பிழைத்தார்.

இதற்கு ஒன்பது வருஷம் முன்பே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. 1967-ல் உகாண்டாவிலிருந்து வந்த குரங்குகளின் உறுப்புகளைக் கையாண்ட ஜெர்மானியத் தொழிலாளர்களுக்கு மார்பர்க் நகரிலும் பிராங்க்பர்ட்டிலும் விசித்திரக் காய்ச்சல் கண்டது. யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடிலும் அதே கதை. 31 பேருக்கு வந்து 7 பேர் இறந்தார்கள். தடுப்பு மருந்து தயாரிக்கத் தருவித்த குரங்குகள் அவை.

காட்பாடிக்கு ஒரு ராத்திரிப் பிரயாணம்

தூரதேசத்துக் கதை போதும். நம் சென்னையிலிருந்து கிளம்பிய ஓர் ஐஸ் பெட்டியின் கதையைச் சொல்கிறேன்.

1985-ம் வருஷக் கடைசி. எய்ட்ஸ் என்பது அமெரிக்காவில் வரும் நோய், ஒழுக்கத்துக்குப் பெயர்போன நம் நாட்டுக்கு வராது என்று பத்திரிகைகளும் பிரமுகர்களும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் கிருமியியல் பட்ட மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், ஆராய்ச்சிக்கு இந்த விஷயத்தையே எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். நிர்மலா கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்த, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பெண். தயங்கினார். ஊக்கம் கொடுத்தவர் அவருடைய கணவர்தான்.

விலைமாதர்களிடம் ரத்தம் எடுக்க வேண்டும். அவர்களைத் தேடி எங்கே போவது? ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்கு வந்த சில பெண்களோடு பேசிப் பழகி, அவர்கள் மூலம் காவல் இல்லம் ஒன்றைப் பற்றி அறிந்துகொண்டார். கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். மூன்று மாதங்களில் 80-க்கு மேற்பட்டவர்களிடம் ரத்தம் சேர்ந்தது. கையுறை போன்ற பாதுகாப்பு எதுவும் அவரிடம் கிடையாது. பேராசிரியை ஏற்பாடு செய்த சிறு ஆராய்ச்சி அறையில் ரத்தத்திலிருந்து ஊநீரைப் பிரித்தார்கள். அதைப் பத்திரப்படுத்த வேறு இடம் கிடைக்காமல் நிர்மலா தம் வீட்டு ரெப்ரிஜிரேட்டரிலேயே வைத்தார்!

இதைப் படிக்கும்போது நமக்கு முதுகு சில்லிடுகிறது. ஆனால் அவர்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்ததை வைத்துக்கொண்டு செய்தார். வசதி வரட்டும் என்று காத்திருந்தால் உண்மை வெளிவர இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ?

அந்தப் பரிசோதனைக்கு வேண்டிய ஏற்பாடு சென்னையில் இல்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு கணவனும் மனைவியும் ஊநீர்க் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு காட்பாடிக்கு ரயில் ஏறினார்கள். காலையில் காட்பாடியில் இறங்கி, ஒரு ஆட்டோ ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த ரயில் பெட்டியில் சக பிரயாணிகள் எத்தனை பேர் அந்த ஐஸ் பெட்டியை நகர்த்திவைத்துக் கால் நீட்டினார்களோ, யார் கண்டார்கள்?

வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜான் தலைமையிலிருந்த துறையில் பரிசோதனை நடந்தது. ஆறு குழிகளில் திரவம் மஞ்சளாக மாறியது. எவரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வேறு முறையிலும் சோதித்து ஊர்ஜிதம் செய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது இப்படித்தான் நிரூபணமாயிற்று. சட்டசபையிலும் அது அறிவிக்கப்பட்டது. பிற்பாடு நாடு முழுவதும் நடந்த எய்ட்ஸ் தடுப்பு வேலைக்கெல்லாம் ஆரம்பம் அந்த ராத்திரி ரயில்தான்.

பெட்டிக்குள் பெட்டி

இன்றைக்கு அதே ஊநீரை அனுப்புவதென்றால் எப்படி அனுப்புவார்கள்?

மூன்று அடுக்கு என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி. முதலில் குப்பி. திருகு மூடி போட்டது, ஒரு சொட்டும் கசியாதது. குப்பியைச் சுற்றிப் பஞ்சு அல்லது உறிஞ்சு காகிதம். எவ்வளவு பஞ்சு? குப்பி உடைந்தால் உள்ளே இருக்கும் திரவம் அத்தனையையும் குடித்துவிடும் அளவுக்கு. இதில்தான் அந்த விதியின் சூட்சுமம் இருக்கிறது. குப்பி உடையாது என்று அது நம்பவில்லை. உடையத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு, உடைந்த பிறகு என்ன என்று யோசிக்கிறது. ஆண்ட்வெர்ப்புக்கு வந்த பிளாஸ்கில் பனிக்கட்டி இருந்தது. இந்த யோசனைதான் இல்லை.

பஞ்சு சுற்றிய குப்பி, கசியாத இன்னொரு டப்பாவுக்குள் போகும். பல குப்பிகளை ஒரே டப்பாவில் வைத்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் தனித்தனியே சுற்ற வேண்டும். அந்த டப்பா மூன்றாவதான உறுதியான வெளிப்பெட்டிக்குள் போகும். யாருடைய ரத்தம், என்ன சந்தேகம், எந்தப் பரிசோதனை என்ற விவரக் காகிதத்தை எங்கே வைப்பது? நடு டப்பாவுக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில். குப்பியோடு சேர்த்துச் சுற்றினால், கசிந்தபோது காகிதம் நனைந்து எழுத்து அழிந்துபோகும். அதைத் தொடுகிறவருக்கும் ஆபத்து.

விமானத்தில் போகும் குப்பிக்கோ டப்பாவுக்கோ இன்னொரு பரீட்சை உண்டு. உயரே போகப்போகக் காற்றழுத்தம் குறையும். கீழே இறுக்க மூடிய டப்பாவின் உள்ளிருக்கும் காற்று, மேலே மூடியைப் பிதுக்கித் தள்ளப் பார்க்கும். விமானத்தில் கொண்டுபோன பவுண்டன் பேனா சட்டைப் பையில் மை கக்குவது இதனால்தான். ஆகவே 95 கிலோ பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும் என்பது நிபந்தனை. இது ஏறத்தாழ பூமியில் நம்மேல் அழுத்தும் காற்றின் முழுப் பளு.

எல்லாக் கிருமியும் ஒரே ரகமல்ல. பட்டவுடன் உயிருக்கு உலை வைக்கக் கூடியவை முதல் வகுப்பு, அவற்றுக்கு யு.என். 2814 என்ற எண். எபோலா நோயாளியின் ரத்தம் இதில் சேரும். பெட்டியை 9 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து போட்டும் உள்ளே கசியக் கூடாது. கூரிய உருக்குக் கம்பியைப் பெட்டிமேல் விழச்செய்தும் பார்ப்பார்கள். பிரயாணிகள் விமானத்தில் ஒரு பெட்டிக்கு 50 மில்லிக்கு மேல் ஏற்ற விடமாட்டார்கள். சாதாரணமாக ஆஸ்பத்திரிகள் அனுப்பும் பரிசோதனை ரத்தம், சளி முதலியவை இரண்டாம் வகுப்பு, எண் யு.என். 3373. இதற்கு 1.2 மீட்டர் உயரம் போதும். சுமை தூக்குகிறவர் கையிலிருந்து நழுவினால் எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவு.

இதில் ஒரு வேடிக்கை. எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தம் இரண்டாம் வகுப்பு. அதே கிருமியை ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்துப் பெருக்கினால் அந்தக் குப்பி முதல் வகுப்பு. கிருமி ஒன்றுதான், எண்ணிக்கை மாறுகிறது, மரியாதையும் மாறுகிறது.

பெட்டியின்மேல் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் டெலிபோன் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். நடுராத்திரியில் ஏதோ ஓர் ஊர் விமான நிலையத்தில் பெட்டி ஈரமாக இருந்தால், அதைத் தூக்கிய தொழிலாளி யாரைக் கூப்பிடுவான்? எனக்கு இந்த விதிகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான். மற்றவை பெட்டியைக் காக்கின்றன. இது மனிதனை நினைக்கிறது. கிருமிச் சாமானைக் கைப்பையில் வைத்து விமானம் ஏறுவதும் இப்போது அடியோடு தடை.

குளிரூட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீர் ஐஸ் உருகி ஒழுகும். அதற்குப் பதில் டிரை ஐஸ் என்னும் உறைந்த கரியமில வாயுவைப் போடுவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரிக் குளிர். இது உருகாது, நேரே ஆவியாகும். காற்றுப் புகாத டப்பாவில் இதை அடைத்து மூடினால் வெடிகுண்டுதான்! ஆகையால் இதை நடு டப்பாவுக்கு வெளியே வைத்து, ஆவி வெளியேற வெளிப்பெட்டியில் வழிவிட வேண்டும். ஜன்னல் மூடிய காரில் நிறைய ஏற்றிக்கொண்டு போனால் காரோட்டிக்கே மூச்சு முட்டும். டிரை ஐஸ் கரைந்து போனதும் உள் டப்பா தொளதொளவென்று ஆடுமே, அதற்கும் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

நாய்த் தலை

கிராமத்து வாசகர்களுக்கு நெருக்கமான விஷயம் ஒன்று. நாய் கடித்தது, நாயும் இரண்டு நாளில் செத்துவிட்டது. அது வெறிநாயா என்று அறிய மூளையைச் சோதிக்க வேண்டும். நம் ஜனங்கள் முதலில் செய்வது நாயைத் துரத்தி மண்டையிலேயே அடிப்பது. மூளை சிதைந்துபோனால் சோதிக்க என்ன மிஞ்சும்? அடித்தவர்மேலும் நாயின் எச்சில் தெறிக்கும்.

தலையை வெட்டி எடுத்து அனுப்புவது பழைய வழக்கம். கோடரி வைத்து மண்டையைப் பிளப்பது பெரிய அபாயம், தூள் பறக்கும். இப்போது கால்நடை டாக்டர்கள் எளிய உபாயம் ஒன்றைக் கையாளுகிறார்கள். கழுத்து சேரும் இடத்தில் மண்டை ஓட்டின் அடியில் ஒரு துவாரம் உண்டு. அதன் வழியே, குளிர்பானம் உறிஞ்சுவோமே, அதைப் போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தித் திருகினால் மூளையின் துண்டு குழாய்க்குள் வந்துவிடும். அதைக் குப்பியில் போட்டு மூடி, ஐஸில் வைத்து அனுப்பலாம். ஐஸுக்கு வழியில்லாத ஊர்களில் கிளிசரின் கலந்த உப்பு நீரில் போட்டு அனுப்புவதும் உண்டு. இதைச் செய்கிறவர் தடுப்பூசி போட்டுக்கொண்டவராக இருக்க வேண்டும். கையுறையும் கண் மறைப்பும் அவசியம். வெறிநாய்க்கடிக்கு இந்நாட்டில் புகழ்பெற்ற குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் ஏற்பட்டது.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பரிசோதனை முடிவு வரட்டும் என்று கடிபட்டவர் காத்திருக்கவே கூடாது. உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறி கண்ட பிறகு பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

தலைகீழ்ச் சங்கிலி

இளம்பிள்ளை வாதம் ஒழிந்த கதையிலும் ஒரு பெட்டி உண்டு. அதை யாரும் மேடையில் பேசுவதில்லை, ஏனெனில் அதில் போனது குழந்தைகளின் மலம். எந்தக் கிராமத்தில் எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கால் துவண்டாலும், 14 நாட்களுக்குள் ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவை மலம் எடுத்து, ஐஸ் வைத்த பெட்டியில் மூன்று நாட்களுக்குள் ஆராய்ச்சிக்கூடம் சேர்க்க வேண்டும். நம் மாநிலத்தில் அது கிண்டி கிங் நிலையத்துக்குப் போயிற்று. தடுப்பு மருந்து நகரத்திலிருந்து கிராமத்துக்குக் குளிரோடு போகிறது. இது கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குளிரோடு வருகிறது. ஆகவே தலைகீழ்க் குளிர்ச் சங்கிலி என்று பெயர். மலம் வந்த பெட்டியில் தடுப்பு மருந்தை வைக்கவே கூடாது; அடையாளமிட்டுத் தனியே வைப்பார்கள். வெயிலில் பஸ்ஸுக்கு நின்று இந்தப் பெட்டிகளைச் சுமந்த சுகாதார ஊழியர்கள் எத்தனையோ பேர். கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்துப் பெண் குழந்தை. 2014 மார்ச்சில் இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது.

அடுத்த வீட்டில் நிபா

1998, 1999 வருஷங்களில் மலேசியாவில் பன்றி வளர்ப்போர் மூளைக் காய்ச்சலால் சாகத் தொடங்கினார்கள். கொசுவால் வரும் ஜப்பானியக் காய்ச்சல் என்று சர்க்கார் கொசு மருந்து அடித்தது. கா பிங் சுவா என்ற இளம் ஆராய்ச்சியாளருக்குச் சந்தேகம். அவர் வளர்த்த கிருமி வேறு மாதிரி நடந்துகொண்டது. குப்பிகளை அவரே அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அங்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் கொசுவல்ல, பன்றி என்று புலப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அந்த நோயில் இறந்துபோனார்கள்.

அதே நிபா 2018 மே மாதம் நம் அடுத்த வீடான கேரளத்தில், கோழிக்கோட்டில் தோன்றியது. ஒரே குடும்பத்தில் இரண்டாவது நபர் படுத்ததும் டாக்டர்கள் விழித்துக்கொண்டு ரத்தம் முதலியவற்றை மணிபாலுக்கு அனுப்பினார்கள். பிறகு புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் அதை ஊர்ஜிதம் செய்தது. 17 பேர் மாண்டார்கள். அவர்களில் நோயாளியைக் கவனித்த இளம் நர்ஸ் ஒருவரும் உண்டு. ஆனால் பெயர் சீக்கிரமே தெரிந்துவிட்டதால், தொடர்புடையவர்களைத் தேடிப் பிடித்துத் தனியே வைத்துக் காவல் காக்க முடிந்தது.

கோழிக்கோட்டில் 2023 செப்டம்பரில் நிபா மறுபடி தலைகாட்டியது. இந்தத் தடவை குப்பி மட்டும் ஊர்விட்டு ஊர் போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் நடமாடும் ஆராய்ச்சிக்கூடம், ஒரு பெரிய பஸ் அளவு வண்டி, உள்ளே காற்றைக்கூட வடிகட்டி விடும் ஏற்பாட்டுடன், கோழிக்கோட்டுக்கே வந்து நின்றது. ரத்தம் எடுத்த படுக்கையிலிருந்து அந்த வண்டிவரை குப்பி போக வேண்டிய தூரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்கும் அதே மூன்று அடுக்குதான்.